பொருட்காட்சி ஸ்டாலுக்கு விளக்கின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை

பொருட்காட்சியில் முதல் முறையாக ஸ்டால் போடுகிறவர்கள் எத்தனை விளக்கு, எத்தனை வாட் என்று விசாரிக்கிறார்கள். அந்த வெளிச்சம் என்ன நிறத்தில் இருக்கும் என்று விசாரிப்பவர்கள் மிகக் குறைவு. பத்தமடைப் பாயின் வைக்கோல் பொன்னிறமும், காருக்குறிச்சிப் பானையின் செம்மண் நிறமும், அல்வாவின் நெய்ப்பளபளப்பும் எடுபடுவதும் மங்குவதும் பெரும்பாலும் அந்த நிறத்தைப் பொறுத்தே அமைகின்றன. ஆனித் தேரோட்டக் காலத்து நெல்லைப் பொருட்காட்சியில் இடம் எடுக்கும் மகளிர் சுயஉதவிக் குழுவினரையும் நெசவாளர்களையும் மனத்தில் கொண்டு இந்தச் செய்முறையை எழுதுகிறேன்.

படி 1: பெட்டியில் உள்ள எண்ணைப் படியுங்கள்

எல்.இ.டி பல்பு வாங்கும்போது அட்டைப்பெட்டியில் 3000, 4000, 6500 போன்ற ஓர் எண்ணுடன் கெல்வின் என்ற அலகு அச்சிடப்பட்டிருக்கும். அதுவே நிற வெப்பநிலை. கொல்லுலையில் இரும்பைக் காய்ச்சும்போது அது முதலில் சிவந்து, பின்னர் மஞ்சளாகி, மேலும் சூடேறினால் வெண்மையை நெருங்குவதை நாம் பார்த்திருக்கிறோம். ஒளியின் நிறத்தை வெப்ப அளவால் குறிக்கும் வழக்கம் இந்த இயல்பிலிருந்தே வந்தது. ஆகவே எண் குறைவாக இருந்தால் ஒளி மஞ்சள் சார்ந்தும், எண் கூடினால் நீலம் சார்ந்தும் இருக்கும். மெழுகுவத்தியின் சுடர் ஏறத்தாழ 1900 கெல்வின், பழைய குண்டு பல்பு ஏறத்தாழ 2700, நண்பகல் வெயில் ஏறத்தாழ 5500. கடைக்காரர்கள் 3000 கெல்வினை வார்ம் ஒயிட் என்றும், 6500 கெல்வினைக் கூல் டே லைட் என்றும் சொல்வார்கள். பெயரை மட்டும் சொல்லிக் கேட்காமல் எண்ணைச் சொல்லிக் கேட்பதே பாதுகாப்பானது.

எண்களுக்கு இடையிலான தூரம் எங்கும் ஒரே அளவில் கண்ணுக்குத் தெரிவதில்லை என்பதையும் இங்கேயே அறிந்துகொள்வது நல்லது. பத்து லட்சத்தைக் கெல்வின் எண்ணால் வகுத்துப் பாருங்கள்; கண் உணரும் நிற வித்தியாசத்தை அந்த விடைகளுக்கு இடையிலான தூரம் ஓரளவு காட்டும். 3000க்கு 333, 4000க்கு 250 என்று வருவதால் வித்தியாசம் 83. 5500க்கு 182, 6500க்கு 154 என்று வருவதால் வித்தியாசம் 28 மட்டுமே. இரண்டு இடத்திலும் 1000 கெல்வின்தான் கூடியிருக்கிறது என்றாலும், மஞ்சள் பக்கத்தில் அந்த மாற்றம் பளிச்சென்று தெரியும். நீலப் பக்கத்தில் பலரும் அதைக் கவனிக்கவே மாட்டார்கள்.

படி 2: பொருளை வீட்டிலேயே சோதியுங்கள்

என் கருத்தில் இதுதான் எல்லாவற்றையும்விட முக்கியமான படி. ஒரு பெரிய அட்டைப்பெட்டியை எடுத்து, உட்புறம் முழுவதும் வெள்ளைத்தாள் ஒட்டி, மேலே ஹோல்டர் ஒன்றைப் பொருத்துங்கள். இரவில் மற்ற விளக்குகளை அணைத்துவிட்டு, 3000, 4000, 6500 கெல்வின் பல்புகளை ஒவ்வொன்றாக மாட்டி, விற்கப்போகும் பொருளை உள்ளே வைத்துப் பாருங்கள். கண் ஒவ்வொரு ஒளிக்கும் பழகச் சில நிமிடங்கள் ஆகும் என்பதால் அவசரப்படக் கூடாது. மறுநாள் காலை அதே பொருளை வாசலில் நிழலான இடத்தில் வைத்து, எந்த பல்பு அதன் இயல்பான நிறத்துக்கு நெருக்கமாக இருந்தது என்று ஒப்பிடுங்கள். சேலை எடுக்கப் போகும் நம் வீட்டுப் பெண்கள் துணியைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய்ப் பகல் வெளிச்சத்தில் விரித்துப் பார்ப்பதற்கு நல்ல காரணம் உண்டு: ஒரு விளக்கின் கீழ் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு சாயங்கள் வேறொரு ஒளியில் பிரிந்து தெரியக்கூடும்.

பொதுவாக அல்வா, கருப்பட்டி, பித்தளை விளக்கு, மண்பானை ஆகியவற்றுக்கு 2700 முதல் 3000 கெல்வின் வரை பொருந்தும். 6500இன் கீழ் அல்வா சாம்பல் படர்ந்ததுபோல் தோன்றி, அதன் சுவையையே சந்தேகிக்க வைக்கும். பல நிறங்கள் கலந்த வீரவநல்லூர் செடிபுட்டா சேலைக்கு 4000 கெல்வின் நடுநிலையானது. வெள்ளை வேட்டி 3000இன் கீழ் பழுப்பேறியதுபோல் தெரியும் என்பதால் அதற்கும் 4000 அல்லது சற்று மேல் வேண்டும். வெண்மையூட்டிகள் சேர்த்த துணி வெயிலில் உள்ள புற ஊதாக் கதிரால்தான் பளிச்சிடுகிறது, சாதாரண எல்.இ.டியில் அந்தக் கதிர் மிகக் குறைவு. ஆகவே எந்த பல்பைப் போட்டாலும் வெயிலில் கண்ட வெண்மையை ஸ்டாலில் எதிர்பார்க்க வேண்டாம்.

பத்தமடைப் பாய்க்கு மட்டும் தனியாக யோசிக்க வேண்டும். சாயம் ஏற்றாத கோரை 3000இல் அழகாகப் பொன்னிறம் கொள்ளும். ஆனால் பாயில் பச்சை, கறுப்புப் பட்டைகள் இருந்தால் அந்த மஞ்சளில் பச்சை மந்தமாகிக் கறுப்போடு ஒட்டிக்கொள்ளும். அத்தகைய பாய்க்கு 3500 அல்லது 4000 நல்லது. எதைத் தேர்ந்தாலும் விளக்கை நேர் எதிரே வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்து வைத்தால், நெசவின் வரிகளும், மணமக்களின் பெயர் நெய்த எழுத்துகளும் நிழல் பெற்றுத் துலங்கும்.

படி 3: சி.ஆர்.ஐ எண்ணையும் கேளுங்கள்

நிற வெப்பநிலை சரியாக இருந்தும் பொருள் உயிரற்றுத் தெரிந்தால், பல்பின் நிறங்காட்டும் திறன் குறைவாக இருக்கலாம். அதற்கான எண் சி.ஆர்.ஐ, உச்சம் 100. சாதாரண பல்புகள் 80 அளவில் இருக்கும். ஸ்டாலுக்கு 90க்கு மேல் வாங்குவது செலவுக்குத் தகுந்த பலன் தரும். இந்த எண் எட்டு மென்மையான நிறங்களின் சராசரி மட்டுமே. ஆழ்ந்த சிவப்பு ஆர்9 என்ற தனி எண்ணாகக் கணக்கிடப்படுகிறது. பானையும் அல்வாவும் விற்பவர்கள் ஆர்9 மதிப்பு 50க்கு மேல் உள்ள விளக்கைத் தேடுவது நல்லது.

படி 4: சுற்றியுள்ள ஒளியைக் கணக்கில் எடுங்கள்

அரங்கின் கூரை விளக்குகள் என்ன நிறம் என்பதை அமைப்பாளரிடம் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். அவை 6000 கெல்வினை ஒட்டியவை என்றால், பார்வையாளரின் கண் அதற்குப் பழகியிருக்கும். உங்கள் 3000 கெல்வின் ஸ்டால் வீட்டில் பார்த்ததைவிட அதிக மஞ்சளாகத் தெரியும். அது கூட்டத்தை ஈர்க்கவும் உதவும். ஆனால் பொருளின்மேல் விழும் ஃபோகஸ் லைட் சுற்றுப்புறத்தைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு வெளிச்சமாவது தரவேண்டும். இல்லாவிட்டால் கூரை ஒளி உங்கள் தேர்வைக் கரைத்துவிடும். சிறிய ஃபோகஸ் லைட்டைப் பாதித் தூரத்துக்கு நெருக்கினால் ஏறத்தாழ நான்கு மடங்கு வெளிச்சம் கிடைக்கும் என்பதால், வாட் கூட்டுவதற்கு முன் விளக்கை நெருக்கிப் பாருங்கள்.

திறந்தவெளிப் பந்தலில் வேறொரு தொல்லை உண்டு. நீலத் தார்ப்பாயின் வழியே வரும் பகல் வெளிச்சம் பொருளையெல்லாம் நீலமாக்கும். சிவப்புத் துணியைப் பின்னால் கட்டினால் அதில் பட்டுத் திரும்பும் ஒளி வெள்ளைத் துணியில் சிவப்பேற்றும். மேலேயும் பின்னாலேயும் வெள்ளை அல்லது சந்தன நிறத் துணி கட்டுங்கள்.

படி 5: ஒன்றை முதன்மையாக்குங்கள்

ஒரு சிறிய ஸ்டாலில் இரண்டு நிற வெப்பநிலைகளுக்கு மேல் வேண்டாம். பொருள்களுக்கு 3000, பெயர்ப் பலகைக்கு 4000 என்று பிரிப்பது பொருத்தமான ஏற்பாடு. ஆனால் இரண்டும் ஒரே பொருளின்மேல் விழக் கூடாது. விழுந்தால் ஒரு பக்க நிழல் மஞ்சளாகவும் மறுபக்க நிழல் நீலமாகவும் தெரியும்.

படி 6: முந்தைய நாள் மாலையே எரியவிட்டுப் பாருங்கள்

எல்லா விளக்குகளையும் ஏற்றிவிட்டு, பொருட்காட்சியின் நடைபாதையில் நின்று பாருங்கள். கண்ணில் நேராக ஒளி குத்தினால் விளக்கின் சாய்வைக் குறையுங்கள். செங்குத்துக் கோட்டிலிருந்து 30 டிகிரி பெரும்பாலும் சரியாக வரும். கைபேசியில் படமும் காணொளியும் எடுத்துப் பாருங்கள். காணொளியில் பட்டை பட்டையாக ஒளி துடித்தால் அந்த பல்பை மாற்றிவிடுங்கள், ஏனெனில் வாடிக்கையாளர்கள் எடுக்கும் படங்களிலும் அது தெரியும். ஒரே எண் அச்சிட்ட பல்புகளும் தயாரிப்புத் தொகுதிக்குத் தொகுதி சற்று வேறுபடும். ஆகவே மாற்று பல்புகள் இரண்டை முதலில் வாங்கும்போதே அதே பெட்டியிலிருந்து எடுத்து, ஸ்டால் மேசையின் அடியில் வைத்திருங்கள்.