வெட்டிச் சுருக்கிய வீடியோ ஏன் வீங்குகிறது?

பத்து நிமிட வீடியோவில் பாதியை வெட்டியாயிற்று. சேமித்துப் பார்த்தால் ஃபைல் பழையதைவிடப் பெரிதாக நிற்கிறது. இதில் கோளாறு எதுவும் இல்லை. எக்ஸ்போர்ட் அழுத்தியதும் எடிட்டிங் மென்பொருள் ஒவ்வொரு ஃபிரேமையும் (வீடியோவின் தனித்தனிப் படத்தையும்) விரித்து, உங்கள் மாற்றங்களைச் சேர்த்து, புதிதாகச் சுருக்குகிறது. மூல ஃபைல் எத்தனை எம்பி இருந்தது என்று அது பெரும்பாலும் பார்ப்பதே இல்லை.

ஃபைலின் அளவைத் தீர்மானிப்பது பிட்ரேட்டும் (வினாடிக்கு எவ்வளவு தரவு என்பதும்) நேரமும்தான். வினாடிக்கு 17 மெகாபிட்டில் பதிவான பத்து நிமிட வீடியோவைக் கணக்குப் போடுங்கள்: 17ஐ 600 வினாடியால் பெருக்கி 8ஆல் வகுத்தால் (8 பிட் ஒரு பைட்) 1,275 எம்பி. அதையே ஐந்து நிமிடமாக வெட்டி, 50 மெகாபிட்டில் எக்ஸ்போர்ட் செய்தால் 1,875 எம்பி. ‘உயர் தரம்’ என்று பெயர் வைத்த பிரீசெட்டை (தயார் அமைப்பை) யோசிக்காமல் தேர்ந்தெடுப்பதுதான் இங்கே நடக்கும் முதல் தவறு. மூலத்தில் இல்லாத தெளிவை எந்த பிட்ரேட்டாலும் கொண்டுவர முடியாது.

கோடெக், அதாவது வீடியோவைச் சுருக்கும் முறை, மாறுவது இன்னொரு காரணம். இது கண்ணில் படுவதே இல்லை. இப்போதைய போன்கள் பலவும் எச்.265 முறையில் பதிகின்றன. எடிட்டர் எச்.264இல் வெளியே தள்ளினால், அதே தரத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இடம் வேண்டியிருக்கும். இரண்டு ஃபைலுக்கும் பெயர் எம்பி4 என்றே முடியலாம். அது வெறும் உறை. உள்ளே என்ன கோடெக் என்று மீடியாஇன்ஃபோ போன்ற கருவியில் பார்த்தால்தான் தெரியும்.

1080பி வீடியோவை 4கே ஆக்குவதும் வீண் வேலை. பிக்சல் நான்கு மடங்காகும், காட்சி அதேதான். வினாடிக்கு 30 ஃபிரேமை 60 ஆக்குவதும் அப்படியே.

புரோரெஸ், டிவி (DV) ஏவிஐ போன்ற வடிவங்களைத் தெரியாமல் தேர்ந்தெடுத்துவிட்டால் வட்டு நிரம்பிவிடும். டிவி ஏவிஐ மணிக்குச் சுமார் 13 ஜிபி விழுங்கும். வினாடிக்கு 30 ஃபிரேம் ஓடும் 1080பியில் புரோரெஸ் 422 அதைப் போலச் சுமார் ஐந்து மடங்கு. புரோரெஸ் எடிட்டிங்கின் நடுவே கையாளவும், டிவி (DV) கேமராவில் பதியவும் உருவானவை, உறவினருக்கு அனுப்ப அல்ல.

அதிகம் பேசப்படாத ஒன்று, புள்ளி இரைச்சல். மங்கலான வெளிச்சத்தில் எடுத்த காட்சியிலும் பழைய விஎச்எஸ் டேப்பிலிருந்து மாற்றியதிலும் ஃபிரேமுக்கு ஃபிரேம் புள்ளிகள் துடித்துக்கொண்டே இருக்கும். முந்தைய ஃபிரேமிலிருந்து மாறியதை மட்டும் பதிந்து இடத்தை மிச்சப்படுத்துவதுதான் கோடெக்கின் வித்தை. எல்லாமே மாறிக்கொண்டிருந்தால் அது என்ன செய்யும்? இதன்மேல் ‘ஷார்ப்பன்’ ஃபில்டரையும் போட்டால் இரைச்சல் இன்னும் தூக்கலாகும். தரத்தை நிலையாக வைத்துச் சுருக்கும்போது ஃபைல் அதற்கேற்ப ஊதும். லேசாக இரைச்சலை நீக்கிவிட்டு எக்ஸ்போர்ட் செய்தால் வித்தியாசம் தெரியும். ரொம்பவும் நீக்கினால் முகங்கள் மெழுகு பூசியது போல ஆகிவிடும், கவனம்.

ஒலியைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். சுருக்காத பிசிஎம் ஸ்டீரியோகூட நிமிடத்துக்குச் சுமார் 11.5 எம்பிதான்.

பெரிதான ஃபைலை ஜிப் செய்து பார்ப்பவர்கள் உண்டு. ஏற்கெனவே சுருக்கிய வீடியோ ஜிப்பில் அநேகமாகக் குறையாது. எக்ஸ்போர்ட் செய்த ஃபைலையே மறுபடி மறுபடி சுருக்குவது அதைவிட மோசம், ஒவ்வொரு முறையும் தரம் போகும். புராஜெக்டைத் திறந்து சரியான அமைப்பில் ஒரே தடவை எக்ஸ்போர்ட் செய்யுங்கள்.

முன்னும் பின்னும் வெட்டினால் போதும் என்றால் எடிட்டரே தேவையில்லை. லாஸ்லெஸ்கட், அவிடெமக்ஸ் போன்றவை மறுசுருக்கம் இல்லாமல் நறுக்கித் தரும். கீஃபிரேம் (முந்தைய ஃபிரேமைச் சாராமல் முழுதாகப் பதிந்த ஃபிரேம்) இருக்கும் இடத்தில்தான் வெட்டு விழும் என்பதால் ஓரிரு வினாடி முன்னே பின்னே போகலாம், அவ்வளவுதான்.

மற்றபடி வீடியோவைச் சுருக்கும் ஹேண்ட்பிரேக் மென்பொருளில் ‘கான்ஸ்டன்ட் குவாலிட்டி’யை (நிலையான தரம்) 1080பிக்கு 20 முதல் 24 வரை வைத்துப் பாருங்கள். எண் கூடினால் அளவு குறையும். முழுதாக ஓட்டுவதற்கு முன், ஆட்களும் அசைவும் நிறைந்த அரை நிமிடத்தை மட்டும் சுருக்கிப் பார்த்தால், முழுப் படம் எவ்வளவு வரும் என்று தோராயமாகப் பிடிபட்டுவிடும்.