புதைத்த எஃகுக் குழாய் எவ்வளவு நசுங்கும்? கையாலேயே கணக்குப் போட்டுப் பார்க்கலாம்

மேலிருந்து பாரம் அழுத்தினால் வட்டக் குழாய் உயரத்தில் குறுகி, பக்கவாட்டில் விரியும். விரியும் பக்கத்தை மண் எதிர்த்துத் தள்ளினால் குழாய் நிற்கும். மண் தளர்ந்திருந்தால் நசுங்கிக்கொண்டே போகும். இது எத்தனை சதவீதம் என்று கணக்கிட 1941-இல் அமெரிக்கப் பொறியாளர் ஸ்பாங்லர் ஒரு சூத்திரம் தந்தார். 1958-இல் வாட்கின்ஸுடன் சேர்ந்து அது திருத்தப்பட்டது. இன்றும் முதல் கணக்கை அதில்தான் போடுகிறோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு குழாய்: விட்டம் 900 மி.மீ., சுவர்த் தடிமன் 9 மி.மீ., மேலே 1.5 மீட்டர் மண்.

படி 1: மண் பாரம்

மண்ணின் எடை கன மீட்டருக்கு 18 கிலோநியூட்டன் என்று கொள்ளுங்கள். 18 × 1.5 = 27 கிலோபாஸ்கல். பக்கத்து மண் ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்லத் தளர்ந்து கொடுக்கும் என்பதால் இதை 1.5-ஆல் பெருக்க வேண்டும்: 40.5.

படி 2: வண்டிப் பாரம்

ஒரு சக்கரம் 70 கிலோநியூட்டன் இறக்குகிறது என்றால், அதற்கு நேர் கீழே வரும் அழுத்தம் = 0.4775 × 70 ÷ ஆழத்தின் வர்க்கம். 1.5 மீட்டரில் சுமார் 15 கிலோபாஸ்கல். ஆழத்தைப் பாதியாக்கி 0.75 மீட்டர் என்று வைத்தால் சுமார் 60, அதாவது நான்கு மடங்கு. அந்த ஆழத்தில் வண்டி குலுங்குவதற்காக இன்னும் 15 சதவீதம் கூட்ட வேண்டும். மேலே மண் குறைந்தால் பாரமும் குறையும் என்று நினைத்து ஆழமில்லாமல் புதைப்பவர்கள் தவறுவது இங்கேதான். சக்கரம் நின்று நகர்ந்துவிடுவதால் இதற்கு 1.5 பெருக்கல் கிடையாது.

படி 3: குழாயின் விறைப்பு

எஃகின் மீள்மை எண் (உருமாறாமல் எதிர்க்கும் அளவு) 207 கிகாபாஸ்கல். அதைத் தடிமனின் கனத்தால் பெருக்கி, 12-ஆல் வகுத்து, ஆரத்தின் கனத்தாலும் வகுங்கள் (நீளங்கள் மீட்டரில்). 9 மி.மீ. சுவருக்கு 138 கிலோபாஸ்கல் வரும். 6 மி.மீ. என்றால் 41 மட்டுமே. மூன்று மி.மீ. போனதில் விறைப்பில் எழுபது சதவீதம் போய்விடுகிறது. துரு ஏன் இவ்வளவு ஆபத்து என்பதற்கு இந்த ஒரு கணக்கு போதும்.

படி 4: மண்ணின் விறைப்பு

கணக்கையே புரட்டிப்போடும் எண் இது. பள்ளத்தில் மண்ணைக் கொட்டி அப்படியே விட்டால் 1.4 மெகாபாஸ்கல் அளவுக்கு இறங்கிவிடும். அடுக்கடுக்காகக் கெட்டித்த மணற்பாங்கான மண்ணுக்கு 7 என்று எடுக்கலாம். நொறுக்கிய கல் என்றால் 20 வரை போகும். இதைக் கிலோபாஸ்கலாக்கி (7 என்றால் 7000), 0.061-ஆல் பெருக்கிக் குழாயின் விறைப்போடு கூட்டுங்கள். நல்ல மண்ணில் 427 + 138 = 565. இதில் குழாயின் பங்கு கால்வாசிதான்.

படி 5: நசுங்கல்

மொத்தப் பாரத்தை (40.5 + 15) 0.1-ஆல் பெருக்கி (குழாய் படுக்கையில் உட்காரும் விதத்துக்கான எண்), விறைப்பின் கூட்டுத்தொகையால் வகுங்கள்.

- 9 மி.மீ., கெட்டித்த மண்: 1 சதவீதம்
- 6 மி.மீ., கெட்டித்த மண்: 1.2 சதவீதம்
- 9 மி.மீ., கொட்டிய மண்: 2.5 சதவீதம்
- 6 மி.மீ., கொட்டிய மண்: 4.4 சதவீதம்

இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டுப் பாருங்கள். கூடுதல் எஃகுக்குச் செலவழிப்பதைவிடப் பக்கத்து மண்ணை ஒழுங்காகக் கெட்டிப்பது அதிகம் காப்பாற்றுகிறது.

உள்ளேயும் வெளியேயும் சிமெண்ட் பூச்சு உள்ள குழாய்க்கு வழக்கமான வரம்பு 2 சதவீதம். உள்ளே சிமெண்ட், வெளியே வளையும் பூச்சு என்றால் 3. இரண்டுமே வளையும் பூச்சு என்றால் 5. அதற்கு மேல் எஃகு தாங்கினாலும் பூச்சு வெடிக்கும், பிறகு துரு பிடிக்கும்.

படி 6: சுவரில் தகைவு (எஃகுக்குள் எழும் அழுத்தம்)

4 × மீள்மை எண் × நசுங்கல் விகிதம் × (தடிமன் ÷ விட்டம்). 9 மி.மீ. சுவரில் 1 சதவீதத்துக்கு சுமார் 83 மெகாபாஸ்கல்; 2.5 சதவீதத்துக்கு 207. எக்ஸ்-42 ரக எஃகு 290-இல் திரும்பாத அளவுக்கு வளையத் தொடங்கும். உள் அழுத்தம் ஏறினால் குழாய் கொஞ்சம் வட்டத்துக்குத் திரும்பும். எனவே காலியாகக் கிடக்கும் நாட்களுக்குத்தான் இந்தக் கணக்கு.

படி 7: காலிக் குழாய்க்கு இன்னும் இரண்டு சோதனை

முதலாவது, உள்வாங்கல். தண்ணீரை வேகமாக வடித்தால் உள்ளே வெற்றிடம் வரும். முழு வெற்றிடம் 100 கிலோபாஸ்கல். மண் ஆதரவே இல்லாத வளையம் தாங்குவது படி 3-இன் விறைப்பைப் போல மூன்று மடங்கு: 6 மி.மீ. சுவருக்கு 123. ஒன்றரை மீட்டர் நிலத்தடி நீர் 15 சேர்த்தால் 115 ஆகிவிடும். ஏற்கெனவே நசுங்கிய குழாய் இந்த 123-ஐயும் எட்டாது. காற்று வால்வு அடைத்துக்கொண்டால் நடப்பது இதுதான்.

இரண்டாவது, மிதப்பு. 900 மி.மீ. குழாயைத் தண்ணீர் மீட்டருக்கு 6.2 கிலோநியூட்டன் மேலே தள்ளும், 9 மி.மீ. சுவரின் எடை 2 மட்டுமே. மூடாத பள்ளத்தில் மழைநீர் தேங்கினால் குழாய் எழும்பிவிடும்.

படி 8: நீளவாக்கில்

தரை ஒரு பக்கம் இறங்கினால் குழாய் வளையும். அழுத்தம் வரும் பக்கத்தில் சுவர் மடிந்து சுருக்கம் விழும். இழுபடும் பக்கத்தில் சுற்று வெல்டு பிளக்கும். தொட்டிச் சுவர், வால்வு அறை போன்ற அசையாத கட்டுமானத்துக்குள் குழாய் நுழையும் இடத்தில் இது அதிகம். வெப்பத்தையும் மறக்க வேண்டாம்: நகர வழியில்லாத குழாயில் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2.5 மெகாபாஸ்கல் சேரும்.

படி 9: பள்ளத்தில் கவனிக்க வேண்டியது

குழாயின் அடிவளைவுக்குக் கீழே இருக்கும் ஆப்பு வடிவ இடைவெளியில் மேலிருந்து கொட்டும் மண் தானாகப் போய்ச் சேராது. மண்வெட்டியால் தள்ளி, கைக்கட்டையால் குத்தி நிரப்ப வேண்டும். 150 மி.மீ. அடுக்குகளாக இரு பக்கமும் சம உயரத்தில் ஏற்றுங்கள். ஒரு பக்கம் முந்தினால் குழாய் நகர்ந்துவிடும். கல் எதுவும் சுவரைத் தொடக் கூடாது. கல் குத்திய பள்ளத்தோடு ஒரு கீறலும் சேர்ந்தால் விரிசல் அங்கிருந்து ஓடும்.

மண் மூடும் முன்பும் மூடிய பின்பும் உள்விட்டத்தை மேலிருந்து கீழாகவும் பக்கவாட்டிலும் அளந்து குறியுங்கள். இந்தக் குழாயில் 2 சதவீதம் என்பது 18 மி.மீ.; ஒரு டேப் போதும். உயரம் அதைவிட அதிகமாகக் குறைந்திருந்தால் தோண்டி, பக்கத்து மண்ணை மறுபடி கெட்டித்த பிறகே மேலே சாலை போட விடுங்கள்.