வெள்ளத்தில் உதவி கேட்டுச் செய்தி அனுப்புவது எப்படி?

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியபோது நான் திருச்சியில் இருந்தேன். உதவி கேட்டு வந்த வாட்ஸ்அப் செய்திகளைக் கூகுள் ஷீட்டில் ஏற்றுவதுதான் என் வேலை. "முடிச்சூரில் கைக்குழந்தையோடு மாட்டிக்கொண்டார்கள், அவசரம்" என்று ஒரே செய்தி பதினோரு முறை வந்தது. அழைத்துப் பார்த்தால், முந்தின நாளே அவர்களை மீட்டாகிவிட்டது. அதற்குள் ஒரு படகு வீணாகப் போய்த் திரும்பியிருந்தது. அந்த நேரத்தில் அது வேறு எந்த வீட்டுக்குப் போயிருக்கலாம் என்ற நினைப்பு இன்னமும் உறுத்துகிறது.

அதனால் முதல் வரியில் தேதி, நேரம். இது இல்லாத செய்தியைத் தயவுசெய்து அனுப்பாதீர்கள்.

அப்புறம் கதவு எண், தெரு, எத்தனையாவது மாடி. தண்ணீரில் தெருப்பலகை தெரியாது. "மாடியில் பச்சைத் தண்ணீர்த் தொட்டி" என்று எழுதினால் படகுக்காரர் கண்டுபிடித்துவிடுவார். எத்தனை பேர், டயாலிசிஸ் செய்துகொள்ளும் நோயாளி, கர்ப்பிணி இருக்கிறார்களா என்பதும் வேண்டும். வெளியூர் உறவினர் ஒருவரின் எண்ணையும் சேர்த்துவிடுங்கள், உங்கள் போன் அணைந்தாலும் அவரிடம் கேட்கலாம்.

முதலில் பேரிடர் உதவி எண்களான 1077 (மாவட்டம்) அல்லது 1070 (மாநிலம்) எண்ணுக்கு அழையுங்கள். இணையம் இல்லையென்றால் இதே விவரத்தை அந்த வெளியூர் உறவினருக்கு எஸ்எம்எஸ்ஸில் அனுப்புங்கள். சிக்னல் மங்கலாக இருந்தாலும் அது பல நேரம் போய்விடும்.

மீட்கப்பட்டதும், செய்தி போட்ட எல்லா இடத்திலும் "வந்துவிட்டோம்" என்று போடுங்கள். பகிர்பவர்களே, செய்தியில் இருக்கும் எண்ணுக்கு ஒருமுறை அழைத்துவிட்டுப் பகிருங்கள்.