இரண்டு புள்ளியா, மூன்று புள்ளியா?

நெல் கொள்முதல் நிலையத்து மூட்டைக் கணக்குக்கு ஒரு ஆப் எழுதுகிறோம். நான் கும்பகோணத்தில், கூட வேலை பார்க்கும் தம்பி மன்னார்குடியில். நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்து வைக்க ‘கிட்’ (Git) என்ற கருவி. ‘மெயின்’ என்பது முதன்மை வரிசை; அதிலிருந்து பிரித்துத் தனியாக வேலை செய்யும் கிளைதான் பிராஞ்ச். பிராஞ்சுகளை ஒப்பிடும் கட்டளைகளுக்கு உதவிக் குறிப்பு எழுதியவன் நான்தான். ‘கிட் டிஃப் மெயின்..மூட்டை’ என்று தட்டினால் (ஆங்கில எழுத்தில்தான்) தம்பியின் ‘மூட்டை’ பிராஞ்சில் செய்த வேலை தெரியும் என்று போட்டிருந்தேன். ஒருநாள் போன்: “அண்ணே, ஈரப்பதம் பார்க்குற ஃபைல நான் தொடவே இல்ல, அழிச்சதா சிவப்புல காட்டுது!”

எதுவும் அழியவில்லை. அவன் பிராஞ்ச் பிரித்த பிறகு அந்த ஃபைலை நான் மெயினில் சேர்த்திருந்தேன். வேறுபாட்டைக் காட்டும் கட்டளையான டிஃபில் இரண்டு புள்ளி, இரண்டு முனைகளையும் நேருக்கு நேர் வைத்துப் பார்க்கும், அவ்வளவுதான்.

ஆற்றை வைத்துச் சொன்னேன். கல்லணையில் காவிரியும் வெண்ணாறும் பிரிகின்றன. கும்பகோணத்துக் காவிரித் தண்ணீரை நீடாமங்கலத்து வெண்ணாற்றுத் தண்ணீரோடு ஒப்பிட்டால் அது இரண்டு புள்ளி. கல்லணையிலிருந்து நீடாமங்கலம் வரை வெண்ணாற்றில் என்ன மாறியது என்று மட்டும் பார்த்தால் மூன்று புள்ளி (‘மெயின்...மூட்டை’). அவனுக்கு வேண்டியது பின்னது.

ஆகவே குறிப்பில் முதலில் ‘எதிலிருந்து எதுவரை’ என்று ஒரு வாக்கியம் எழுதுங்கள். டிஃபையும் லாகையும் ஒரே தலைப்பில் போடாதீர்கள். லாக் என்பது ‘கமிட்’ எனும் மாற்றப் பதிவுகளை வரிசையாகக் காட்டும் கட்டளை. லாகில் ‘மெயின்..மூட்டை’ என்றால் மெயினில் இல்லாத, மூட்டையில் இருக்கும் கமிட்டுகள். மூன்று புள்ளி என்றால் இரண்டுக்கும் பொதுவாக இல்லாதவை எல்லாம். எது எந்தப் பக்கம் என்று தெரிய ‘--லெஃப்ட்-ரைட்’ சேர்க்க வேண்டும். ஒரு முனையை விட்டுவிட்டால் அங்கே ஹெட் (நாம் இப்போது நிற்கும் கமிட்) என்று கிட் எடுத்துக்கொள்ளும், இதையும் எழுதுங்கள்.

இன்னொரு வம்பு. கட்டளை வடிவத்தில் ‘<ஃபைல்>...’ என்றால் எத்தனை வேண்டுமானாலும் தரலாம் என்று பொருள். பக்கத்திலேயே ‘<பழசு>...<புதுசு>’ இருந்தால் புதிதாக வந்தவன் என்ன செய்வான்? நான் டிஃபில் மூன்று புள்ளியையே எடுத்துவிட்டு ‘கிட் டிஃப் --மெர்ஜ்-பேஸ் மெயின் மூட்டை’ என்று போட்டேன். மெர்ஜ்-பேஸ் என்பது இரண்டும் பிரிந்த இடம். அதே விடைதான்.

ரீபேஸ் (பிராஞ்சின் கமிட்டுகளை வேறொரு அடிப்படையின்மேல் மறுபடி எழுதுவது) செய்தபின் பழைய கமிட்டுகளையும் புதியவற்றையும் ஒப்பிட ‘ரேஞ்ச்-டிஃப்’ இருக்கிறது. 2018-ல் வந்த 2.19 பதிப்பிலிருந்து.

அப்புறம், எங்களிடம் ‘மூட்டை’ என்று ஒரு ஃபோல்டரும் உண்டு. வெறுமனே ‘கிட் டிஃப் மூட்டை’ என்றால் பிராஞ்சா ஃபோல்டரா என்று புரியாமல் கிட் முரண்டு பிடிக்கும். பிராஞ்ச் என்றால் பெயருக்குப் பின்னும், ஃபோல்டர் என்றால் முன்னும், இடைவெளி விட்டு ‘--’ போடுங்கள்.