ஹெண்ட்ரிக்ஸ், பி.பி.கிங் எல்லாம் நேர்ல பாத்தவங்ககிட்ட கேட்டு எழுதி வைக்கிறது எப்படி

1969ல இருபது வயசுல அமெரிக்காவுல நடந்த வுட்ஸ்டாக் இசை விழாவுக்குப் போனவங்களுக்கு இப்ப எழுபத்தஞ்சு தாண்டியாச்சு. பெரிய கிட்டாரிஸ்டுங்கள்ல ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் 1970லயே இறந்துட்டார், அயர்லாந்துக்காரர் ரோரி கேலகர் 1995ல, பி.பி.கிங் 2015ல. ரெக்கார்டு இருக்கு, வீடியோ இருக்கு, ஆனா கூட்டத்துல நின்னவங்க காதுல என்ன விழுந்துச்சு, யார் கையப் புடிச்சிட்டு நின்னாங்க, எப்படி வீடு போய் சேந்தாங்கங்கறது அவங்க மனசுல மட்டும்தான் இருக்கு. சிகாகோ, லண்டன், நியூஜெர்சின்னு எங்க இருந்தாலும் சரி, ஆஃபீஸ்லயோ பக்கத்து வீட்லயோ இப்படி ஒருத்தர் இருக்கார்னு தெரிஞ்சா தள்ளிப் போடாதீங்க, போய் உக்காந்து கேளுங்க.

முதல்ல ஒண்ணு, "ஷோ எப்படி இருந்துச்சு?"ன்னு ஆரம்பிக்காதீங்க. "செமயா இருந்துச்சு, வாழ்க்கைல மறக்க முடியாது"ன்னு சொல்லிட்டு நிறுத்திடுவாங்க, ஏன்னா அந்தக் கேள்விக்கு அம்பது வருஷமா அதே பதில்தான் சொல்லிட்டு வர்றாங்க. எங்க நின்னீங்க, யாரோட போனீங்க, டிக்கெட்டுக்குக் காசு எங்கருந்து வந்துச்சு, ஸ்டேஜ் தெரிஞ்சுச்சா இல்ல முன்னாடி நின்னவர் முதுகுதான் தெரிஞ்சுச்சா, இந்த மாதிரி சின்னச் சின்னதா கேளுங்க. இடம் ஞாபகம் வந்துட்டா சத்தம் தானா வரும்.

வுட்ஸ்டாக்னா நான் கேக்கச் சொல்றது, "ஹெண்ட்ரிக்ஸ் வாசிச்சப்ப வெளிச்சம் எப்படி இருந்துச்சு?" ஞாயித்துக்கிழமை ராத்திரி முடிய வேண்டிய விழா மழையால தள்ளிப்போய், அவர் மேடை ஏறினப்ப ஆகஸ்ட் 18, திங்கக்கிழமை காலைல ஒன்பது மணி வாக்குல ஆயிடுச்சு. சுமார் 4 லட்சம் பேர் வந்த இடத்துல பெரும்பாலானவங்க வேலைக்குப் போகணும்னு கிளம்பிட்டாங்க, மிச்சம் இருந்தவங்க சேத்துலயும் குப்பைலயும் தூக்கம் இல்லாம நின்னுட்டு இருந்தாங்க, அந்த நேரத்துல வெள்ள ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிட்டார தலைகீழா மாட்டிக்கிட்டு இடது கையால அமெரிக்க தேசிய கீதத்த அவர் வாசிக்க, நடுவுல குண்டு விழற மாதிரி, சைரன் அடிக்கிற மாதிரி ஆம்ப் (கிட்டார் சத்தத்த பெருசாக்குற பெட்டி) அலறுது, வியட்நாம்ல போர் நடந்துட்டு இருந்த வருஷம் அது. அந்த இடத்துல நின்ன பையனுக்கு ராணுவத்துக்கு ஆள் எடுக்கிற வயசு. அதனால கிட்டார பத்தி மட்டும் கேக்காதீங்க, அந்த வருஷம் அவங்க வீட்ல என்ன பயம் இருந்துச்சுன்னும் கேளுங்க.

சில பேர் "வுட்ஸ்டாக்ல அவர் கிட்டார கொளுத்துனத பாத்தேன்"னு சொல்லுவாங்க. கொளுத்துனது 1967ல, கலிஃபோர்னியால நடந்த மான்ட்டரே விழால. பொய் சொல்றாங்கன்னு நினைக்காதீங்க, 1970ல வந்த வுட்ஸ்டாக் படமும் மத்த வீடியோவும் திரும்பத் திரும்பப் பாத்து பாத்து ரெண்டும் கலந்துடும். அங்கயே திருத்தினீங்கன்னா அதுக்கப்புறம் ஒவ்வொரு வார்த்தையும் யோசிச்சு யோசிச்சுதான் பேசுவாங்க. சொன்னத சொன்னபடி எழுதிக்கோங்க, அப்புறமா அதுக்குப் பக்கத்துல சரியான தகவல போட்டுக்கலாம்.

இதுக்காகத்தான் சொல்றேன், பேசறதுக்கு முன்னாடி அந்தக் கச்சேரி ரெக்கார்டிங்க போட்டுக் காட்டவே காட்டாதீங்க. காட்டிட்டா ரெக்கார்டுல இருக்கிற கிட்டார் சோலோவதான் ஞாபகம்னு சொல்லுவாங்க. பேசி முடிச்சப்புறம் போடுங்க. அப்ப முகத்த பாத்துக்கிட்டே இருங்க, ஃபோன்ல வாய்ஸ் ரெக்கார்டர் ஓடிட்டே இருக்கட்டும், பல நேரம் நல்ல விஷயமே அப்பதான் வரும்.

ஆல்பைன் வேலிங்கற இடத்துல நடந்த கச்சேரிக்குப் போனவங்ககிட்ட ரொம்ப பொறுமையா கேக்கணும். 1990 ஆகஸ்ட் 26, விஸ்கான்சின்ல கிட்டாரிஸ்ட் எரிக் கிளாப்டன் ஷோ, கடைசில அவரோட மத்த கிட்டாரிஸ்டுங்க ஸ்டீவி ரே வான், அவர் அண்ணன் ஜிம்மி வான், பட்டி கை, ராபர்ட் க்ரே எல்லாரும் ஒரே மேடைல சேந்து வாசிச்சாங்க. ஜனங்க சந்தோஷமா கார் எடுத்துட்டு பனிமூட்டத்துல வீட்டுக்குப் போனாங்க. நடுராத்திரிக்கு மேல கிளம்பின ஹெலிகாப்டர் பக்கத்துல இருந்த ஸ்கீ மலைச்சரிவுல மோதி ஸ்டீவியோட சேத்து அஞ்சு பேர் இறந்துட்டாங்க, அவருக்கு வயசு 35தான். அந்தச் சேதி காலைல தெரிஞ்சதுலருந்து முந்தின ராத்திரியோட ஒவ்வொரு நோட்டும் கடைசி நோட்டா மாறிடுது. அதனால முதல்ல அந்த ராத்திரிய மட்டும் கேளுங்க, என்ன சாப்டீங்க, கார்ல என்ன பேசிட்டுப் போனீங்க. சேதி எப்படி வந்துச்சுங்கறத கடைசியா கேளுங்க, அவங்க அழுதா ரெக்கார்டர நிறுத்திடுங்க.

ஆளுக்கு ஏத்த மாதிரி கேள்வியும் மாறணும். பி.பி.கிங் பாடும்போது வாசிக்க மாட்டார், வாசிக்கும்போது பாட மாட்டார், அப்ப அந்த இடைவெளில அவர் முகம் எப்படி இருந்துச்சுன்னு கேளுங்க, கூட்டத்துக்கு பிக் (கிட்டார் கம்பிய மீட்டற சின்ன வில்லை) குடுப்பார், கிடைச்சுச்சான்னு கேளுங்க, கிடைச்சிருந்தா பத்திரமா வச்சிருப்பாங்க, ஃபோட்டோ எடுத்துக்கோங்க. பட்டி கை வாசிச்சுக்கிட்டே கூட்டத்துக்குள்ள இறங்கி நடந்து வருவார், பக்கத்துல வந்தாரான்னு கேட்டா போதும். ரோரி கேலகர்னா கேள்வியே வேற. வட அயர்லாந்துல குண்டு வெடிச்சிட்டு இருந்த எழுபதுகள்ல நெறைய பேண்ட் பெல்ஃபாஸ்ட் பக்கமே வரல, இவர் வந்து அங்க இருக்கிற அல்ஸ்டர் ஹால்ல வாசிச்சார். அங்க போனவங்ககிட்ட எந்தத் தெரு வழியா போனீங்க, ராத்திரி எப்படித் திரும்புனீங்கன்னு கேளுங்க, பெயின்ட் உதிர்ந்த அந்த 1961 ஸ்ட்ராட்டோகாஸ்டர பத்தி அவங்களே சொல்லுவாங்க.

தேதி, பாட்டு வரிசையெல்லாம் செட்லிஸ்ட் சைட்லயும் பழைய நியூஸ்பேப்பர்லயும் சரிபாத்துக்கலாம், டிக்கெட் துண்டு இருந்தா ரெண்டு பக்கமும் ஃபோட்டோ எடுங்க. எழுதும்போது அவங்க பேசின ஆர்டர மாத்தாதீங்க. "கிட்டார் அழுதுச்சு"ன்னு சொல்லியிருந்தா அப்படியே விடுங்க, உங்களுக்கு கிட்டார் தெரியும்கறதுக்காக டோன், வைப்ரேட்டோன்னு நீங்களா சேக்காதீங்க.

எழுதி முடிச்சதும் அவங்களுக்கே படிச்சுக் காட்டுங்க, வேண்டாம்னு சொன்னத எடுத்துடுங்க, ஒரு காப்பி அவங்க பிள்ளைங்களுக்கும் குடுங்க. அப்புறம் மறக்காம, அன்னிக்கு கூட வந்த ஃப்ரெண்ட் இப்ப எங்க இருக்கார்னு கேட்டு நம்பர் வாங்கிக்கோங்க, அவர் அதே கச்சேரிய வேற மாதிரி சொல்லுவார்.