சிறுதுளை முதுகு அறுவை: மயக்க மருந்து கொடுப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

"ரெண்டு சென்டிமீட்டர் வெட்டுதானே சார்" என்று சொல்லிக்கொண்டே தியேட்டருக்குள் வருகிறார்கள் இளம் மயக்கவியல் மருத்துவர்கள். வெட்டு சின்னதுதான். ஆனால் நோயாளி குப்புறத்தான் படுக்கிறார், பெரும்பாலும் முழு மயக்கத்தில். ஈசிஜி பார்த்தாயா, வெறும் வயிறா என்று கேட்டாயா என்பதையெல்லாம் எழுதப் போவதில்லை. அதில் யாரும் கோட்டை விடுவதில்லை. பழைய ஆட்கள் செய்து ஓய்ந்த தவறுகளைப் புதியவர்கள் மறுபடி செய்வதுதான் பிரச்சினை.

வயிற்றைப் பார்க்காமல் பிரஷரைக் குறைப்பது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும்.

தொந்தி பெரிய நோயாளி ஒருவர். பல வருடச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு. அறுவை தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் சர்ஜன், "ரத்தம் கசியுது, பிரஷரைக் குறைங்க" என்றார். ஜூனியர் உடனே நைட்ரோகிளிசரினை ஓடவிட்டார். கசிவு நிற்கவில்லை. டோஸை ஏற்றினார். ரத்த அழுத்தம்தான் விழுந்தது. மூச்சுக்குழாய் அழுத்தம் 18-லிருந்து 30-க்குப் போயிருந்ததை அவர் கவனிக்கவே இல்லை. நான் திரைக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தேன். இடுப்புக்குக் கீழே வைத்த போல்ஸ்டர் (திண்டு) நகர்ந்து, வயிறு மொத்தமும் மேஜையில் அழுந்திக் கிடந்தது.

வயிறு அழுந்தினால் கீழ்ப் பெருஞ்சிரை நசுங்கும். இதயத்துக்குப் போக வேண்டிய ரத்தம் வேறு வழி தேடி, முதுகுத்தண்டைச் சுற்றியுள்ள சிரைப் பின்னலுக்குள் ஏறும். அந்தச் சிரைகளுக்கு வால்வு கிடையாது. வயிற்று அழுத்தம் ஏறினால் ரத்தம் அந்தப் பக்கம் திரும்பும் என்பதை ஆஸ்கர் பேட்ஸன் 1940-லேயே காட்டிவிட்டார். ஆக, கசிவது சிரை ரத்தம். தமனி அழுத்தத்தைக் குறைத்து அதை நிறுத்த முடியாது. இதயத்துக்கு ஏற்கனவே ரத்தம் குறைவாக வரும் நேரத்தில் நைட்ரோகிளிசரின் சிரைகளை இன்னும் விரித்துவிடுகிறது. பல வருடக் கொதிப்பு உள்ளவருக்கு இதயத் தசைக்குப் போகும் ரத்தமே குறைந்துவிடும். உதரவிதானம் மேலே தள்ளப்பட்டு நுரையீரலும் சுருங்கும். அகலத் திறந்த அறுவை என்றால் பஞ்சை அழுத்திச் சமாளிக்கலாம். இங்கே சர்ஜன் வேலை செய்யும் 18 மில்லிமீட்டர் குழாய்க்குள் நாலு சொட்டு வந்தாலே நரம்பு மறைந்துவிடும்.

சர்ஜனை நிறுத்தச் சொல்லி, போல்ஸ்டரைச் சரிசெய்தோம். மூச்சுக்குழாய் அழுத்தம் இறங்கியது, கசிவும் அடங்கியது. "குறைங்க" என்று சர்ஜன் சொன்னால், மருந்தைத் தொடும் முன் வயிற்றைத் தொடுங்கள். அங்கே உங்கள் உள்ளங்கை தடையில்லாமல் போய்வர வேண்டும்.

திருப்பிய பிறகு டியூபைக் கேட்காமல் விடுவது

நோயாளியைக் குப்புறத் திருப்பும்போது தலை குனிந்தால், மூச்சுக்குழாய்க்குள் போட்ட டியூபின் நுனி உள்ளே இறங்கி வலது நுரையீரலுக்குள் போய்விடலாம். இரண்டு பக்கமும் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேளுங்கள், திரை போடுவதற்கு முன்பே.

நெளிகிறார் என்று மயக்கத்தை ஏற்றுவது

மரத்துப்போகும் ஊசி மட்டும் போட்டுச் செய்யும் எண்டோஸ்கோப் அறுவையில், "கழுத்து வலிக்குது டாக்டர்" என்று நோயாளி சொன்னால் அது எச்சரிக்கை. உள்ளே பாய்ச்சும் சலைனின் அழுத்தம் மூளைவரை எட்டுகிறது என்று அர்த்தம். அடுத்து வலிப்பு வரலாம். நீரின் அழுத்தத்தைக் குறைக்கச் சொல்லாமல் மிடசோலம் என்ற தூக்க மருந்தைக் கொடுத்தால் எச்சரிக்கையும் போச்சு, மூச்சும் மந்தமாகும். டியூப் இல்லாமல் குப்புறக் கிடப்பவருக்கு மூச்சு நின்றால் எப்படிச் சமாளிப்பீர்கள்?

சிமெண்ட் போகும்போது வேறெங்கோ பார்ப்பது

நொறுங்கிய முள்ளெலும்பை நிரப்பும் எலும்பு சிமெண்ட் நீர்த்த நிலையில் உள்ளே போனால் சிரை வழியாக நுரையீரலுக்குப் போய் ரத்தக் குழாயை அடைக்கலாம். சர்ஜன் சி-ஆர்ம் (எக்ஸ்ரே) திரையைப் பார்க்கட்டும். நீங்கள் மானிட்டரில் வெளிமூச்சின் கரியமில வாயு அலையைப் பாருங்கள். அது சட்டென்று சரிந்தால், உடனே சத்தமாக "நிறுத்துங்க" என்று சொல்லுங்கள்.

புண்ணைக் கழுவ ஹைட்ரஜன் பெராக்சைடு

வேண்டாம். 3 சதவீதக் கரைசல் 1 மில்லியிலிருந்து சுமார் 10 மில்லி ஆக்சிஜன் கிளம்பும். குறுகிய துளையில் வெளியேற வழியில்லாமல் அது சிரைக்குள் நுழைந்து ரத்த ஓட்டத்தை அடைக்கலாம்.

டிராலியை வார்டுக்கு அனுப்பிவிடுவது

குப்புறக் கிடக்கும்போது இதயம் நின்றால் நோயாளியை மல்லாத்த அது வேண்டும். தியேட்டர் வாசலிலேயே நிற்கட்டும். அது வந்து சேரும்வரை சும்மா இருக்காமல், தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவே முதுகில் அழுத்தத் தொடங்குங்கள்.