மட்டக்களப்பு வளவில் சவோய்க் கோவா வளர்க்கும் முறை

இலை சுருங்கி மடிந்திருக்கும் கோவா வகையான சவோய்க் கோவா குளிரை விரும்பும் பயிர். அதற்கு 15 முதல் 20 பாகை செல்சியஸ் வரையான வெப்பநிலையே உகந்தது. மட்டக்களப்பிலோ மார்கழி, தை மாத இரவுகளிலும் வெப்பநிலை 23 பாகையை அண்டியே இருக்கும். ஆகவே நுவரெலியாவில் இருந்து வருவது போன்ற இறுகிய கோவாவை இங்கு எதிர்பார்க்க வேண்டாம். தளர்வான தலையும் சுருக்கம் விழுந்த மென்மையான இலையும் கிடைத்தால் அதுவே நல்ல விளைச்சல். முதன்முறையாகப் பயிரிடுபவர்கள், வெப்பத்தைத் தாங்கும் கே.கே. கிராஸ் அல்லது கே.வை. கிராஸ் இனத்தைப் பாத்தியின் பெரும்பகுதியில் நட்டு, ஓரத்தில் நாலைந்து சவோய்ச் செடிகளை வைத்துப் பார்ப்பதே என் ஆலோசனை. செய்முறை இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் காலத்தைத் தீர்மானிக்க வேண்டும். நவம்பர் முதல் வாரத்தில் விதைத்து, டிசம்பர் முதல் வாரத்தில் நட்டால், ஆண்டின் குளிர்ந்த நாட்கள் முழுவதும் செடிக்குக் கிடைக்கும். பங்குனி வெயில் தொடங்கிய பின் சவோய் தலை கட்டுவது அரிது. பிந்தி விதைத்துவிட்டால், எருவும் தண்ணீரும் அந்த இழப்பை ஈடுசெய்யமாட்டா.

தும்புத்தூளும் மக்கிய கூட்டெருவும் சம அளவில் கலந்த நாற்றுத் தட்டில், ஒரு சென்ரிமீற்றர் ஆழத்தில் குழிக்கு ஒரு விதை இடுங்கள். மாரி மழை நேரே விழுந்தால் முளைகள் சாய்ந்து அழுகும் என்பதால், தட்டை வெளிச்சமான தாழ்வாரத்தில் வைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் முளைக்கும்.

நாற்று வளரும் அந்த நான்கு வாரத்தில் பாத்தியைத் தயார் செய்யுங்கள். வாவிக்குக் கிழக்கே கடலோரமாக உள்ள எழுவான்கரையின் மணல் நீரையும் சத்தையும் பிடித்து வைக்காது. சதுர மீற்றருக்கு இரண்டு வாளி மக்கிய மாட்டெருவாவது கலக்க வேண்டும். வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரையின் களிப்பாங்கான நிலத்தில் எருவைவிட வடிகாலே முதன்மையானது. எந்த மண்ணானாலும் பாத்தி ஓரடி உயர்ந்திருக்கட்டும். கோவாவின் வேர் வெள்ளத்தில் நின்றால் தாங்காது.

நான்கைந்து இலை விட்ட நாற்றை, மாலை வேளையில், 50 சென்ரிமீற்றர் இடைவெளியில் நட்டு, சில நாட்களுக்குக் கிடுகால் நிழல் கொடுங்கள். மழை ஓய்ந்த பின் காலையும் மாலையும் அளவாகத் தண்ணீர் ஊற்றி, அடியில் வைக்கோல் பரப்பி ஈரத்தைக் காக்க வேண்டும். காயவிட்டுத் திடீரென நிறைய ஊற்றினால், கட்டிய தலை வெடித்துவிடும். கரையோரக் கிணற்று நீர் மண்ணின் மேல் வெண்மையாகப் படிந்தால், அது உவர் நீர், அதைத் தவிருங்கள்.

இனி, மிகுந்த கவனம் வேண்டிய இடம். வைரமுதுகு அந்துப்பூச்சியின் புழு, ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் நீளமே வளரும் பச்சைப் புழு. இலையின் அடியில் பச்சையத்தைச் சுரண்டித் தின்று, மேல்தோலை மட்டும் கண்ணாடி போல விட்டுவைக்கும். தொட்டவுடன் துடித்துப் பின்வாங்கி, மெல்லிய நூலில் தொங்கும். மழமழப்பான கோவாவில் எளிதில் தெரியும் இப்புழு, சவோயின் சுருக்கங்களுக்குள் ஒளிந்துகொள்வதால், இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒவ்வோர் இலையையும் புரட்டிப் பார்த்துப் பொறுக்குவது அவசியம். மிகுந்தால், இடித்த வேப்பங்கொட்டைப் பருப்பு 50 கிராமை ஒரு லீற்றர் நீரில் இரவு முழுவதும் ஊறவிட்டு, வடித்து, சிறிது சவர்க்காரக் கரைசல் சேர்த்து, வெயில் தணிந்த பின் இலையின் அடிப்பக்கம் நனையத் தெளியுங்கள். இரசாயன மருந்தை நாடுமுன் உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் ஒரு செடியைக் காட்டுங்கள்.

வெப்பத்தைத் தாங்கும் இனங்களை நட்டு இரண்டு மாதம் கடந்ததும் அழுத்திப் பார்த்து வெட்டலாம். சவோய்க்கு மூன்று மாதம் வரை ஆகும். தலை கட்டாத செடியின் இளம் இலைகளைச் சுண்டலுக்கு ஒடித்துக்கொள்ளலாம். வெட்டிய அடித்தண்டைப் பிடுங்காமல் விட்டால் சிறு துளிர்கள் வரும். அவையும் கறிக்கு உதவும். அடுத்த போகத்தில் அதே பாத்தியில் கோவா, முள்ளங்கி, நோக்கோல் எதையும் நடாமல், பயற்றையோ வெண்டியோ போடுங்கள்.